காற்றை அடைத்தால் மேளம் முழங்கும்!

காரில் பாட்டு போடுகிறோம். பாடகரின் குரல் கேட்கிறது. குழல் கேட்கிறது. ஆனால், மேளத்தின் "தொம்" என்ற கனத்த ஓசை மட்டும் சரியாகக் கேட்பதில்லை.

அந்த ஓசைக்கென்றே தனி ஸ்பீக்கர் உண்டு. அதன் பெயர் சப்வூபர். அதை வாங்கி வந்து, பெட்டி இல்லாமல் கம்பியை இணைத்தால் என்ன ஆகும்? கூம்பு துடிக்கும், மேளம் முழங்காது! "பணம் வீணாயிற்றே!" என்று தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

குற்றம் ஸ்பீக்கரில் இல்லை. அதற்கு வீடு இல்லை!

முன்னும் பின்னும்

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது, முன்பக்கத்துக் காற்று நெருங்குகிறது. அதே நேரத்தில் பின்பக்கத்துக் காற்று தளர்கிறது. இரண்டும் சந்தித்தால், ஒன்றை ஒன்று அழித்துவிடும். அதனால்தான் பின்பக்கத்தைப் பெட்டிக்குள் அடைக்கிறார்கள்.

அடைபட்ட காற்று சும்மா இருக்காது. சுருள்வில்லைப் போலக் கூம்பைப் பிடித்து இழுக்கும். 1954-ம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த எட்கர் வில்ச்சூர், இந்தக் காற்றின் உதவியால் சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த ஓசையை வரவழைத்தார்.

துளை உள்ள பெட்டியும் உண்டு. அதன் அளவைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கும் வழியை, 1961-ல் ஆஸ்திரேலிய என்ஜினீயர் நெவில் தீல் வெளியிட்டார். ரிச்சர்டு ஸ்மால் பிறகு அதை வளர்த்தார். ஸ்பீக்கருடன் வரும் குறிப்புத்தாளில், இவர்கள் இருவர் பெயராலும் வழங்கும் அளவுகள் இருக்கும்.

அளவில் ஏமாறாதீர்கள்!

குறிப்புத்தாளில் "மூடிய பெட்டி, 35 லிட்டர்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீளம் 40 செ.மீ., அகலம் 35 செ.மீ., உயரம் 25 செ.மீ. பெருக்கினால் 35 ஆயிரம் கன செ.மீ. அதாவது 35 லிட்டர். கணக்கு சரி!

ஆனால், இது பெட்டியின் வெளி அளவாக இருந்தால் போச்சு! பலகையின் கனம் 18 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்ந்து, ஒவ்வொரு அளவிலும் 3.6 செ.மீ. குறையும். உள்ளே இருப்பது 24½ லிட்டர்கூட இல்லை! எனவே, உள் அளவைத்தான் கணக்கிட வேண்டும். ஸ்பீக்கரின் பின்பாகம் அடைக்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலகை அதிரக் கூடாது. மூலைகளில் பசை தடவி, திருகாணி போட்டு இறுக்க வேண்டும். மயிரிழை சந்து இருந்தாலும் காற்று சீறும். கூம்பை விரல்களால் மெல்ல அமுக்கி விட்டுப் பாருங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால், பெட்டி நன்றாக மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

உயிர் முக்கியம்

பெட்டியைக் காரில் சும்மா வைக்கக் கூடாது. திடீரென்று பிரேக் போட்டால், அது பறந்து வந்து பின்சீட்டில் இருக்கும் குழந்தையைத் தாக்கும். உறுதியாகப் பூட்டி வையுங்கள்.

பாட்டரியில் இருந்து வரும் கம்பிக்கு, பாட்டரியின் அருகிலேயே பியூஸ் போட வேண்டும். இல்லாவிட்டால், கம்பி உரசித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

சத்தத்துக்கும் எல்லை வேண்டும். ஆம்புலன்சின் ஒலி காதில் விழாத அளவுக்குப் பாட்டு எதற்கு?

பெட்டிக்குள் இருப்பது வெறும் காற்றுதான். அதை அளந்து அடைத்தவரின் காரில் மேளம் மேளமாகவே கேட்கும்!