நடுக்கள வீரர் ஷாவி

கால்பந்தாட்டத்திலே கோல் அடிப்போரை உலகம் எளிதிற் போற்றுகின்றது. அதற்கு வழி செய்து கொடுப்போரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. காப்போருக்கும் தாக்குவோருக்கும் இடையே நின்று பந்தை வாங்கி வழங்கும் நடுக்கள வீரரின் தொழில் யாதென்பதை, ஸ்பெயின் தேசத்து ஷாவியின் வரலாறு கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1980-ஆம் ஆண்டு டெர்ராசா நகரிற் பிறந்த இவர், 11-ஆம் வயதிற் பார்சிலோனாக் கழகத்துப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார்; 1998-இல் அதன் முதல் அணியில் இடம் பெற்றார். உயரமும் உடல் வலிமையும் விரைவும் இவர்பால் மிகுந்திருந்தனவல்ல. ஆயினும், பந்து தம்மை அடையுமுன்னரே தலையைத் திருப்பித் திருப்பி நாற்புறமும் நோக்கி, எவ்விடம் வெறிதாயுள்ளது, எவர் அங்கு ஓடுகின்றார் என்பவற்றை அறிந்துகொள்வார். ஆதலின், பந்து வந்தவுடன் தயங்காது உரியவரிடம் சேர்ப்பித்தல் இவர்க்கு இயல்வதாயிற்று.

2005-இல் முழங்காலிற் கடுங்காயமுற்றுப் பல திங்கள் ஆடாதிருந்தார். 2006-இல் கழகம் ஐரோப்பிய வாகை சூடிய இறுதிப் போட்டியிலும் இவர் களத்தில் இறங்கவில்லை. எனினும் மனந்தளர்ந்தாரல்லர். 2008-இல் ஜெர்மனியை வென்று ஸ்பெயின் ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைக்கொண்டது. அவ்விறுதிப் போட்டியின் ஒரே கோலை அடித்தவர் டோரெஸ். அவர்க்குப் பந்தை அளித்தவர் ஷாவி. அத்தொடரின் தலைசிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவரும் இவரே. 2010-இல் உலகக் கிண்ணமும் ஸ்பெயினுக்குக் கிட்டிற்று.

2019-இல் ஓய்வு பெற்ற இவர், பார்சிலோனாவுக்காக ஆடிய ஆட்டங்கள் 767. அடித்த கோல்களோ 85 மட்டுமே. கோலின் தொகையால் இவரை அளப்போமாயின் இவர் பெருமை புலப்படாது. பிறர் வெல்லுதற்கு வழி காண்பதும் வெற்றியே என்பதனை இவர் ஆட்டத்தால் அறிகின்றோம்.