கவுட் நோயும் உணவுமுறையும்

கவுட் என்பது இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, அதன் உப்பு ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படிவதால் ஏற்படும் அழற்சி நோயாகும். தமிழில் இது கீல்வாதம் என்றும் அழைக்கப்படுகிறது. எனினும், அச்சொல் பிற மூட்டழற்சிகளுக்கும் வழங்கப்படுகிறது. பெரும்பாலும் கால் பெருவிரலின் அடிமூட்டில், இரவு நேரத்தில் திடீரென வலி தொடங்கும். மூட்டு சிவந்து வீங்கும். போர்வை படுவதைக்கூடத் தாங்க இயலாது. சில நாட்களில், அல்லது ஓரிரு வாரங்களில், வலி தானாகத் தணியும். இதனால் நோய் போய்விட்டதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர்.

யூரிக் அமிலம் உருவாகும் விதம்

உயிரணுக்களிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் சேர்மம் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உடலிலேயே உருவாகிறது. எஞ்சியது உணவிலிருந்து வருகிறது. சிறுநீரகங்கள் இதன் பெரும்பகுதியை வெளியேற்றுகின்றன. அவை போதிய அளவு வெளியேற்றாததே பெரும்பாலானோருக்குக் கவுட் வருவதற்கு முதன்மைக் காரணம். இரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது படிகங்கள் உருவாக வாய்ப்பு ஏற்படுகிறது.

வலியைத் தூண்டும் உணவுகள்

ஈரல், சிறுநீரகம், மூளை போன்ற உள்ளுறுப்பு இறைச்சிகள், ஆட்டிறைச்சி, மத்தி, நெத்திலி ஆகியவற்றில் பியூரின் மிகுதி. மதுவகைகளில் பீர் இருவகையில் கேடு செய்கிறது: அதில் பியூரின் உண்டு, அதன் ஆல்கஹால் யூரிக் அமிலம் வெளியேறுவதையும் குறைக்கிறது. இனிப்பூட்டிய குளிர்பானங்களில் பியூரின் இல்லை. ஆனால் அவற்றிலுள்ள பிரக்டோஸ் கல்லீரலில் சிதையும்போது யூரிக் அமிலம் கூடுகிறது.

பருப்பு வகைகளையும் கீரையையும் அறவே தவிர்க்க வேண்டும் என்பது பரவலான கருத்து. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வு, இறைச்சியும் கடலுணவும் கவுட் வரும் வாய்ப்பைக் கூட்டுவதாகக் கண்டது. பியூரின் மிகுந்த காய்கறிகளுக்கும் பயறுகளுக்கும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் அவ்வாய்ப்பைக் குறைத்தன.

சேலம், நாமக்கல் வட்டார உணவுகள்

சேலம் மாவட்டத்தின் ஆட்டையாம்பட்டி கை முறுக்குக்குப் பெயர்பெற்ற ஊர். அரிசி மாவும் உளுந்து மாவும் சேர்ந்த முறுக்கு, பியூரினைப் பொறுத்தவரை பெரிய கவலைக்குரியதன்று. ஆனால் எண்ணெயும் உப்பும் மிகுந்த நொறுக்குத்தீனியை நாள்தோறும் உண்டால் உடல் எடையும் இரத்த அழுத்தமும் கூடலாம். இவ்விரண்டும் கவுட்டுடன் நெருங்கிய தொடர்புடையவை. நாமக்கல் பகுதியில் பெருமளவில் உற்பத்தியாகும் கோழிமுட்டையில் பியூரின் மிகக் குறைவு, புரதம் நிறைவு. ஆகவே இறைச்சியைக் குறைப்பவர்களுக்கு முட்டையும், மோரும், பருப்பும் ஏற்ற மாற்றாகும். கோழிக்கறியை அளவோடு உண்ணலாம். கோழி ஈரலைத் தவிர்ப்பது நல்லது.

நீரும் பட்டினியும்

கோடையில் வெயிலில் உழைப்பவர்களுக்கு வியர்வையால் உடலில் நீர் குறையும்போது யூரிக் அமிலச் செறிவு உயர்கிறது. போதிய தண்ணீர் குடிப்பது இதைத் தடுக்க உதவும். இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். உடல் எடையைச் சிறுகச் சிறுகக் குறைப்பது நன்மை தரும். கடும் பட்டினியோ யூரிக் அமிலத்தைக் கூட்டி வலியைத் தூண்டக்கூடும்.

உணவுக் கட்டுப்பாட்டின் எல்லை

கண்டிப்பான பத்தியம்கூட யூரிக் அமிலத்தைப் பொதுவாக 1 மில்லிகிராம் அளவே குறைக்கும். 9 மில்லிகிராம் உள்ளவருக்கு அது 8 ஆகலாம்; படிகம் படிவது நிற்காது. அடிக்கடி வலி வருவோருக்கு அளவை 6-க்குக் கீழ் வைத்திருக்க அலோபியூரினால் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் தருகின்றனர். வலி இல்லாத நாட்களிலும் இவற்றைத் தொடர வேண்டும். வலி வரும்போது மட்டும் கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். அது படிகங்களைக் கரைப்பதும் இல்லை. கவனிக்காமல் விட்டால் மூட்டுகள் நிலையாகச் சிதைவுறும்.

வலி மிகுந்த வேளையில் இரத்தப் பரிசோதனை இயல்பான அளவைக் காட்டக்கூடும். ஆகவே வலி தணிந்து இரு வாரங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிப்பது வழக்கம். சரியான உணவு வலி தூண்டப்படுவதைக் குறைக்கும்; ஆனால் மருந்து தேவைப்படுவோருக்கு அது மருந்தின் இடத்தை நிரப்பாது.