பெட்ரோலை நிறுத்தும் சிவப்புப் பொத்தான்

கார் எதிலாவது மோதிய நொடியில் பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கென்றே சில கார்களில் ஒரு சிறிய ஸ்விட்ச் உண்டு. இனர்ஷியா ஸ்விட்ச், ஃபியூல் கட்-ஆஃப் ஸ்விட்ச் என்ற இரண்டு பெயர்களும் வழக்கில் உள்ளன. கார்புரேட்டர் காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் சுற்றினால்தான் பம்ப் ஓடும். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும். இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. கார்களில் டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. குழாய் அறுந்த பிறகும் அது ஓடினால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். மறைமலை நகரில் 1999 முதல் தயாரான ஃபோர்டு ஐகான், பின்னர் வந்த ஃபியஸ்டா, ஃபியட் நிறுவனத்தின் பாலியோ போன்றவை இந்த ஸ்விட்சோடு வந்தவை.

உள்ளே இருக்கும் அமைப்பு எளியது. கூம்பு வடிவக் குழியில் ஓர் எஃகுக் குண்டு உட்கார்ந்திருக்கிறது. அடியில் உள்ள காந்தம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பலமான அதிர்ச்சி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் குண்டு பிடியிலிருந்து விடுபட்டு, சரிவில் ஏறி, மேலேயுள்ள தகட்டை மோதுகிறது. தொடுமுனைகள் பிரிகின்றன, மேலே உள்ள பொத்தான் எழும்பி நிற்கிறது. ஃபோர்டு கார்கள் பலவற்றில் அந்தப் பொத்தான் சிவப்பாக இருக்கும். திரும்ப அழுத்தினால் மின்சாரம் மறுபடி பாயும். சாதாரண வேகத்தடைக்கோ சாலைப் பள்ளத்துக்கோ இது விடுபடக் கூடாது. நிறுத்தி வைத்த காரில் வேறொரு வண்டி இடித்தால் விடுபடலாம், அது பழுதல்ல.

ஸ்விட்ச் விடுபட்டு வண்டி நின்றுவிட்டால், “செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல” என்பதுதான் மெக்கானிக்கிடம் போகும் முதல் புகார். சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு விநாடி கேட்க வேண்டிய பம்ப்பின் ‘உய்ங்’ சத்தமும் இருக்காது. பொத்தானைத் தேடுமுன் காருக்கு அடியில் குனிந்து பார்ப்பதும் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று கவனிப்பதும் கட்டாயம். கசிவு இருந்தால் பொத்தானைத் தொடவே கூடாது. இல்லையென்று உறுதியான பின் அழுத்தி, சாவியைத் திருப்பி, சற்றுப் பொறுத்து மறுபடி அடியில் பார்க்க வேண்டும்.

இதே தொல்லை திரும்பத் திரும்ப வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வண்டி நின்றபோது பொத்தான் எழும்பி இருந்ததா, அழுந்தியே இருந்ததா? பலர் இதைப் பார்ப்பதில்லை. கையை விட்டு ஓர் அழுத்து அழுத்துகிறார்கள், வண்டி ஓடுகிறது, ஸ்விட்ச் விடுபட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அழுத்தும்போது கனெக்டரும் சேர்ந்து அசைந்து ஒட்டிக்கொண்டதால்கூட வண்டி ஓடியிருக்கலாம்.

பொத்தான் உண்மையிலேயே எழும்பியிருந்தால் கோளாறு அசைவில் இருக்கிறது. ஸ்விட்சைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கலாம். பாடி அதிர்வதைவிட ஸ்விட்ச் அதிகமாக ஆடும். நிமிர்ந்து நிற்க வேண்டியது சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். கால் வைக்கும் இடத்தில் உள்ளதை ஷூவோ சாமானோ இடிக்கலாம். ஷாக் அப்சார்பர் செத்துப்போய், ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் ‘டங்’கென்று முட்டுவதும் உண்டு. இவை எதுவும் இல்லையென்றால் ஸ்விட்சின் பிடிப்பே தளர்ந்துவிட்டது என்று கொண்டு மாற்ற வேண்டியதுதான்.

பொத்தான் அழுந்தியிருந்தும் பம்ப் நின்றால் கோளாறு மின்சாரத்தின் வழியில் இருக்கிறது. காயல்பட்டினம் போன்ற ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறுமுகநேரி உப்பளங்கள். உப்புக்காற்றின் ஈரம் கனெக்டருக்குள் படிந்து முனைகளை அரிக்கிறது. வெளிநாட்டில் தொழில் செய்யும் குடும்பங்கள் நிறைந்த ஊர் என்பதால், சொந்தக்காரர் விடுமுறைக்கு வரும்வரை மாதக்கணக்கில் நின்றே கிடக்கும் கார்களும் உண்டு. அரிப்புக்கு அது இன்னும் வசதி. இதற்கு மேல் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. கால் வைக்கும் இடம்வரை தண்ணீர் ஏறிய காரில் கார்பெட் காய்ந்த பிறகும் கனெக்டருக்குள் ஈரமும் சேறும் தங்கும். கோளாறு மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு கனெக்டரைப் பிரித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அரிப்பு. பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் அங்கே சூடேறியிருக்கிறது: முனை தளர்ந்திருக்கும், அல்லது பம்ப் தேய்ந்து அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். அதிக மின்சாரத்துக்கு எரிவது ஃபியூஸ்தான். இந்தப் பொத்தான் அதற்காக எழும்பாது. கண்ணுக்குத் தெரியாத தடையை மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் திரும்ப இணைத்து, எஞ்சின் ஓடும்போது அளந்தால் ஸ்விட்சின் இரு முனைகளுக்கும் இடையே ஏறக்குறைய சுழியம்தான் வர வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஸ்விட்சோ கனெக்டரோ கெட்டிருக்கிறது. இங்கே எல்லாம் சரியென்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப்பின் எர்த் ஒயர் என்று தேடல் நகர வேண்டும். லேசான களிம்பைக் கான்டாக்ட் கிளீனர் அடித்து நீக்கலாம். முனையை அரித்துத் தின்றிருந்தால் கனெக்டரையே மாற்றுவது நல்லது.

தேடிச் சலித்தவர்கள் செய்யும் ஒரு வேலை இரண்டு ஒயரையும் முறுக்கி ‘டைரக்ட்’ போட்டுவிடுவது. சோதனைக்காகச் சில நிமிடம் அப்படி இணைப்பதில் தவறில்லை. அப்படியே டேப் சுற்றி அனுப்புவது ஆபத்து. விபத்தில் பெட்ரோலை நிறுத்தவேண்டிய ஒரு காவலைப் பிடுங்கிவிட்டு அனுப்புவதாகும். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பின், பழைய ஸ்விட்சைத் தேடி, பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைவரை போகிறவர்கள் உண்டு. அங்கே கிடைப்பது வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து கழற்றியதாகவும் இருக்கலாம். புதிது கிடைக்கும்வரை காத்திருப்பதே மேல்.

புதிய கார்கள் பலவற்றில் இந்தத் தனி ஸ்விட்சே கிடையாது. ஏர்பேக் கணினி மோதலை உணர்ந்து எஞ்சின் கணினிக்குச் சொல்ல, அது பம்ப்பை நிறுத்துகிறது. சாவியை எந்த வரிசையில் திருப்பினால் பம்ப் மறுபடி ஓடும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். அப்படிப்பட்ட காரில் மோதல் இல்லாமலே பெட்ரோல் நின்றால், ஸ்கேனர் மாட்டி ஏர்பேக் கணினியில் பதிவான கோளாறைப் படித்த பிறகே மற்ற வேலை.