மழையைப் பார்த்து நடக்கும் குடும்பங்கள்

தீபாவளி முடிந்ததும் புனே மாவட்டத்தின் கிழக்கே, பாராமதி, இந்தாபூர், சிரூர் பக்கத்துத் தன்கர் குடும்பங்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிடும். தன்கர்கள் செம்மறி மேய்ப்பவர்கள். இராமநாதபுரத்திலிருந்து கிடை ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் வயல்களுக்குப் போகும் கீதாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் போலத்தான் இவர்களும். அம்மா, அப்பா, கைக்குழந்தை, நாய் என்று வீடே கிளம்பிவிடும். மட்டக்குதிரையின் முதுகில் படுக்கை, சட்டி பானை, கூடாரத் துணி. அதற்கு மேலே காலைக் கட்டிய கோழிகள், புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி, சில நேரம் ஒரு குழந்தை. ஆண்கள் மந்தையை மேய்த்துக்கொண்டு வர, பெண்கள் குதிரைகளை நடத்திக்கொண்டு போய் அடுத்த கூடாரத்தைப் போட்டு, அடுப்பு மூட்டிவிடுவார்கள். மேய்ச்சல் தீர்ந்தால் மறுபடியும் கிளம்ப வேண்டியதுதான்.

எங்கே போகிறார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, கடலோரக் கொங்கணத்துக்கு. ஏன் போகிறார்கள் என்பதற்கு விடை மழையில் இருக்கிறது.

ஜூன் மாதம் அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. மேலே போகப்போகக் காற்று குளிர்கிறது, நீராவி துளியாகிறது, மழை கொட்டுகிறது. மலைமேல் இருக்கும் மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடும். இறங்க இறங்கச் சூடும் ஏறும். அதனால் பாராமதிப் பக்கம் ஆண்டு முழுவதும் சேர்த்துச் சுமார் 500 மில்லிமீட்டர்தான். இதற்கு மழைமறைவுப் பகுதி என்று பெயர். கேரளத்தில் ஊற்றும்போது கம்பம், தேனியில் தூறலோடு நின்றுபோவதும் இதே காரணத்தால்தான்.

அப்படியென்றால் பச்சைப் பசேலென்று இருக்கும் கொங்கணத்திலேயே ஆண்டு முழுவதும் தங்கிவிடலாமே? முடியாது. அங்கே மழைக்காலத்தில் செம்மறிக்குக் குளம்பு அழுகும். கம்பளி காயாது. ஈர வயலில் வாழும் சிறு நத்தைகளின் உடம்பில் ஒரு தட்டைப்புழுவின் குஞ்சுகள் வளர்ந்து, பிறகு புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லைத் தின்ற ஆட்டின் ஈரலுக்குள் புழு புகுந்துவிடும். ஆகவே மழைக்காலத்துக்கு வறண்ட கிழக்கு, மழை ஓய்ந்தபின் மேற்கு. வானிலை வரைபடம் கையில் இல்லாமலே தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டு வந்திருக்கிறார்கள்.

கொங்கணத்தில் அப்போது நெல் அறுவடை முடிந்திருக்கும். விவசாயி தன் வயலில் கிடை போடச் சொல்லி, அதற்குக் கூலியாக நெல்லோ அரிசியோ பணமோ தருவார். ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து, நமக்குச் செரிக்காத நார்ப்பொருளை உடைத்துத் தருகின்றன. பகலில் வேலியோரமும் தரிசிலும் மேய்ந்ததெல்லாம் இரவில் புழுக்கையாக, மூத்திரமாக அந்த வயலுக்கு வந்துசேர்கிறது. மூத்திரத்தில் உள்ள யூரியா நேராக மண்ணில் இறங்கிப் பயிருக்குத் தழைச்சத்து ஆகிறது. காட்டில் சிதறிக் கிடக்கும் சத்தைக் கூட்டி ஒரே வயலில் சேர்ப்பதுதான் கிடை. வண்டி வைத்து எருவடிக்கும் வேலையும் விவசாயிக்கு மிச்சம்.

இந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது சாயங்கால நேரம். நடக்கத் தெரியாத குட்டிகள் பகலெல்லாம் கூடாரத்தருகே தடுப்புக்குள் இருக்கும், நம் ஊரில் கொடாப்புக்குள் அடைப்பது போல. அவற்றைக் கவனிப்பது பெண்களும் பிள்ளைகளும். மந்தை திரும்பியதும் ஒரே கூச்சல்! நூற்றுக்கணக்கான தாய்கள், ஒன்றுபோலவே இருக்கும் குட்டிகள். ஒவ்வொரு தாயும் தூரத்தில் குரலைக் கேட்டு ஓடி வரும். கிட்டே வந்ததும் குட்டியின் வால்பக்கத்தை மோந்து பார்க்கும். தன் குட்டிதான் என்றால் நின்று பால் கொடுக்கும், வேற்றுக் குட்டி என்றால் முட்டித் தள்ளிவிடும். குட்டி போட்ட முதல் சில மணி நேரத்திலேயே, அதை நக்கும்போது, அந்த வாசனை தாயின் மூளையில் பதிந்துவிடுகிறது. ஆக்சிடோசின் என்ற சுரப்பு அதற்கு உதவுகிறது. தாய் செத்துப்போன குட்டியை இன்னொரு தாயிடம் ஊட்டவிட எவ்வளவு பொறுமை வேண்டும் என்று இப்போது புரிகிறதா?

இவர்களுடையது தக்காணி ஆடு. கறுப்பு, முரட்டுக் கம்பளி, நடக்கச் சளைக்காத கால். ஆனால் பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான். புனேவுக்குத் தென்கிழக்கே பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதை யோசித்தது. வங்காளத்துச் சுந்தரவனத்தில் கரோல் என்றொரு குள்ள ஆடு உண்டு. இரண்டு, மூன்று குட்டி போடும். 1792, 1793ஆம் ஆண்டுகளில் வங்காள ஆடுகள் கப்பலில் ஆஸ்திரேலியா போயின. பிற்காலத்தில் அங்கே பூருலா என்ற பண்ணையின் மெரினோ ஆடுகள் ஏராளமாகக் குட்டி போட்டதற்குக் காரணம், அந்த வங்காள ஆடுகளிடமிருந்து வந்த ஒரே ஒரு மரபணு. அது இருந்தால் ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு மூன்று முட்டைகள் ஒரே சமயத்தில் முதிரும். அந்த மரபணு மாற்றம் எது என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். எந்த ஆட்டிடம் அது இருக்கிறது என்பதை இரத்தத்திலிருந்தே சொல்லிவிடலாம். பல்டன் நிலையம், புனேயின் தேசிய இரசாயன ஆய்வகத்தோடும் ஆஸ்திரேலிய அறிவியலாளர்களோடும் சேர்ந்து, தக்காணி ஆட்டின் உடற்கட்டைக் காப்பாற்றிக்கொண்டே, கரோல் ஆட்டிடம் இருக்கும் அந்த மரபணுவை அதற்குள் கொண்டுவந்தது. அந்த ஆட்டுக்கு நாரி சுவர்ணா என்று பெயர். இரட்டைக் குட்டி என்றால் இரட்டைப் பாலும் தீனியும் வேண்டும், கூடாரத்துப் பெண்களுக்கு வேலையும் கூடும். அதையும் கணக்கில் வைத்துத்தான் இதன் லாபத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, மந்தையோடு நடக்கும் பிள்ளைகளின் படிப்பு? இதே ஆஸ்திரேலியாவில் சில மாட்டுப் பண்ணைகள் புனே மாவட்டம் அளவுக்குப் பெரியவை. பக்கத்து வீடே பல மணி நேரப் பயணம். பள்ளிக்கூடம் எங்கே? 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் வானொலி வழியாகப் பாடம் நடத்தும் பள்ளியைத் தொடங்கினார்கள். ஆசிரியர் ஊரில் இருந்தபடி பேசுவார். பிள்ளைகள் பண்ணையில் இருந்தபடி பதில் சொல்வார்கள். இன்று அது இணையத்தில் நடக்கிறது.

தன்கர் பிள்ளைகளில் சிலர் ஊரில் தாத்தா பாட்டியிடமோ விடுதியிலோ தங்கிப் படிக்கிறார்கள். மற்றவர்கள் மந்தையோடு நடக்கிறார்கள், படிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. 70 ஆண்டுகளுக்கும் முன்பே வானொலியால் முடிந்தது, இன்று கைப்பேசியால் முடியாதா? நடந்துகொண்டே இருக்கும் குடும்பத்துக்கு ஏற்ற பள்ளிக்கூடம் எப்படி இருக்க வேண்டும்? யோசித்து எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.