புலப்படத்தில் உருளும் சக்கரம்... சொல்லும் அளவை நம்பலாமா?

கிணற்றிலிருந்து மேட்டுக்காட்டுக்குக் குழாய் பதிக்க வேண்டும். வேலி போட வேண்டும். எத்தனை மீட்டர் பிடிக்கும்? எட்டு வைத்துக் குத்துமதிப்பாகச் சொன்னால், குழாய் மிஞ்சும் அல்லது பற்றாமல் போகும். கையில் புலப்படம் (எஃப்.எம்.பி) இருந்தால், உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட உதவுகிறது 'டிஜிட்டல் மேப் மெஷரர்' எனும் கைக்கருவி.

எப்படி வேலை செய்கிறது?

கருவியின் நுனியில் சின்னச் சக்கரம் இருக்கும். படத்தில் உள்ள கோட்டின் மேல் அதை உருட்டினால், சக்கரம் ஓடிய நீளத்தைக் கணக்கிட்டு, படத்தின் அளவுத்திட்டத்தால் பெருக்கித் திரையில் காட்டும். 1:2000 படத்தில் 1 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 20 மீட்டர். 15 சென்டிமீட்டர் ஓடினால் 300 மீட்டர். 6 மீட்டர் நீளக் குழாய் என்றால் 50 வேண்டும். ஸ்கேல் வைத்து அளக்க முடியாத வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை போன்ற வளைவுகளில்தான் இதன் அருமை தெரியும்.

ஜெராக்ஸில் இருக்கிறது சிக்கல்

கருவி சரியாக இருந்தாலும் தாள் ஏமாற்றிவிடும். ஜெராக்ஸ் எடுக்கும்போதும், தாளுக்குள் அடங்கும்படி பிரின்ட் போடும்போதும் படம் சுருங்கலாம். அதனால் அளக்கும் முன் ஒரு சோதனை அவசியம். புலப்படத்தில் எல்லைக்கோடுகளின் நீளம் எழுதப்பட்டிருக்கும். 120 மீட்டர் என்று எழுதிய கோட்டில் சக்கரத்தை உருட்ட வேண்டும். 114 என்று காட்டினால், தாள் 5 சதவிகிதம் சுருங்கியிருக்கிறது. அந்தத் தாளை வைத்துப் பரப்பு கணக்கிட்டால், 1 ஏக்கர் சுமார் 90 சென்ட்டாகத் தெரியும். பாகம் பிரிக்கும் நேரத்தில் இந்த 10 சென்ட் போதும், அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வர! செல்போனில் சாய்வாக எடுத்த படம் இன்னும் மோசம். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கும்.

மீட்டரா, லிங்க்ஸா?

பழைய புலப்படங்களில் அளவுகள் லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் சேர்ந்தது ஒரு சங்கிலி. அதாவது 66 அடி. 500 லிங்க்ஸ் என்பது ஏறக்குறைய 100.6 மீட்டர். இதை 500 அடி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முழுக்கத் தப்பாகும்.

கை நடுக்கமும் கணக்கில் சேரும்

1:2000 படத்தில் சக்கரம் 1 மில்லிமீட்டர் விலகினால், நிலத்தில் 2 மீட்டர் வித்தியாசம். ஒரே கோட்டை மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. படம் காட்டுவது சமதள தூரம். 300 மீட்டரில் 30 மீட்டர் ஏற்றம் இருந்தாலும் குழாய் நீளம் ஒன்றரை மீட்டர்தான் கூடும். ஆனால், மோட்டார் அந்த 30 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரைத் தள்ள வேண்டும். மோட்டார் வாங்கும்போது அதையும் சொல்ல வேண்டும்.

எல்லைக்கல்லுக்கு இது உதவாது

குழாய், வேலிக்கம்பி, வாய்க்கால் செலவுக்கு மதிப்பீடு போட இந்தக் கருவி போதும். வரப்புத் தகராறுக்குப் போதாது. எல்லையைப் பொறுத்தவரை, தாளில் உருட்டிய அளவைவிட புலப்படத்தில் எழுதியுள்ள அளவே முக்கியம். அதைக் கட்டணம் செலுத்தி, அரசு நில அளவர் மூலம், பக்கத்து நிலத்துக்காரரையும் வைத்துக்கொண்டு அளந்து கல் ஊன்றுவதே பாதுகாப்பு.