பெயர்த்தகடும் பென்சில் எழுத்தும்: பழைய நில அளவைக் கருவிகளை வாசித்தல்

பழம்பொருள் சேகரிக்கும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வரச்சொன்னார். மேசைமேல் ஒரு மரப்பெட்டி. உள்ளே பித்தளைத் தியோடலைட். தகட்டில் ‘டி. குக் அண்ட் சன்ஸ்’ என்று பொறித்திருந்தது. அவர் காட்ட விரும்பியது அதை இல்லை. பெட்டி மூடியின் உட்புறத்தைத் திருப்பினார். பென்சிலில் தமிழ்: ‘மூணாவது கால் திருகு வழுக்கும். பாத்து வைக்கவும்.’ அதற்குக் கீழே ஐந்தைந்தாகக் கோடு கிழித்து எண்ணிய கணக்கு. “நீங்க எம்.ஏ. தமிழ்தானே, இது ஏதாவது முக்கியமா? இல்லைன்னா தேய்ச்சு பாலிஷ் போட்டுடலாம்னு பாக்குறேன்” என்றார்.

எம்.ஏ.வில் ஓலைச்சுவடியின் இறுதியில் ஏடெழுதியவன் விட்டுச்செல்லும் குறிப்பைப் பற்றி ஒரு வகுப்பு உண்டு. பெட்டி மூடியில் அப்படி ஒரு குறிப்பு இருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கருவியும் ஒரு பிரதிதான் என்று எடுத்துக்கொண்டால், அதில் இரண்டு எழுத்துகள் உள்ளன. ஒன்று, செய்தவன் அல்லது விற்றவன் பொறித்த பெயர். மற்றது, புழங்கியவனும் பழுதுபார்த்தவனும் விட்டுச்சென்ற தடம். பழம்பொருள் சந்தை முதலாவதை மட்டுமே வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறது. இரண்டாவதை வாசிக்கப் பழகுவது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயரைப் பார்ப்போம். பெயர் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. குக் நிறுவனம் 1922இல் டிரவுட்டன் அண்ட் சிம்ஸுடன் இணைந்து ‘குக், டிரவுட்டன் அண்ட் சிம்ஸ்’ ஆனது. ஆகவே தனிப்பெயர் மட்டும் உள்ள நண்பரின் கருவி அதற்கு முந்தியது என்று ஊகிக்கலாம். ஆனால் தகட்டில் உள்ள பெயர் பல சமயம் செய்தவருடையதல்ல, கடைக்காரருடையது. பட்டறையில் கோடு கீறியவன், திருகு கடைந்தவன், லென்ஸ் தேய்த்தவன் எவன் பெயரும் வெளியே வராது.

பெயருக்கு விலை ஏறிய பிறகு பெயர் மட்டுமே தனியாக விலைபோகத் தொடங்குகிறது. ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று பொறித்த பித்தளைச் செக்ஸ்டண்டுகள் உலகெங்கும் கிடைக்கின்றன. அந்தப் பெயரில் நிறுவனம் உருவானதே 1947இல்தான். 1917 என்ற ஆண்டே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இவ்வகைப் போலிப் பழமைகளில் பல நம் நாட்டுப் பட்டறைகளில், குறிப்பாக ரூர்க்கியில் செய்யப்படுபவை. கங்கைக் கால்வாய்ப் பணிக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பட்டறையும் பொறியியல் கல்லூரியும் எழுந்த ஊர் அது. உண்மையான அளவைக் கருவிகளும் அங்கே தயாராகின்றன. அதே கை, ஒரு மேசையில் அளக்கும் கருவியையும் பக்கத்து மேசையில் ஒருநாளும் அளக்காத கருவியையும் செய்கிறது. இரண்டாவதற்கு லண்டன் பெயர் வேண்டியிருக்கிறது. போலியை வாங்கி ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பதோடு நின்றுவிட முடியாது. அசலை வாங்கியவரும் அதே பெயரைத்தானே வாங்கினார்?

இனி இரண்டாவது எழுத்து. இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. திப்பு வீழ்ந்தது 1799இல். அந்தப் போரில் இருந்த வில்லியம் லாம்டன், 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் ஏழரை மைல். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். அந்தப் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே துணைக்கண்டம் முழுக்க வலை பின்னலாம். அடிக்கோட்டை அளக்கச் சங்கிலி, கோணத்தை அளக்கத் தியோடலைட். அடிக்கோட்டில் நேரும் சிறு பிழையும் எல்லா முக்கோணத்திலும் ஏறிவிடும். அதனால்தான் வெயிலில் நீளும் எஃகுச் சங்கிலியைக் கூடாரத்துக்குள் பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து அளந்தார்கள்.

நூறடி நீளமுள்ள அந்தச் சங்கிலி லண்டன் ராம்ஸ்டனுடையது. மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அங்கே வேண்டாமென்று திரும்பி இந்தியா வந்தது. லண்டன் கேரி செய்த 36 அங்குலப் பெரிய தியோடலைட்டோ வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்கி, மொரிஷியஸ் போய், பிறகு சென்னைக்கு அனுப்பப்பட்டது. அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்தது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்துகிடந்து அதைத் தட்டி நிமிர்த்தினார் என்று வரலாறு சொல்கிறது. அந்தக் கயிற்றை இழுத்தவர்கள் யார் என்று சொல்வதில்லை.

பின்னாளில் எவரெஸ்ட்டின் காலத்தில் நில அளவைக் கருவிகளைப் பிரித்து, சீர்செய்து, மறுபடி நுண்மையாக்கியவர்களில் ஒருவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசைன். கடிகாரமும் நகையும் செய்து பழகிய கை. இங்கிலாந்திலிருந்து வந்த ஹென்றி பாரோ விலகியபின் 1843இல் கருவி செய்பவர் பொறுப்புக்கு வந்தவர். லண்டன் பெயர் பொறித்த கருவி, ஆற்காட்டுக்காரர் கையால்தான் சரியாக அளந்தது. இதைப் பழுதுபார்த்தல் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ‘செய்தல்’ எங்கே முடிகிறது, ‘பழுதுபார்த்தல்’ எங்கே தொடங்குகிறது என்று யார் வரையறுத்தது? 1851இல் வெளிவந்த நில அளவைக் கையேட்டின் முன்னுரையில் கணக்கர் ராதாநாத் சிக்தாருக்கு நன்றி சொல்லப்பட்டிருந்தது. அவர் 1870இல் இறந்தார். 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த நன்றி இல்லை. பெயரை அழிக்கும் வேலை பித்தளையில் மட்டும் நடக்கவில்லை.

மலையுச்சியிலிருந்து வயலுக்கு இறங்குவோம். அங்கே ஆண்டது எட்மண்ட் கண்டர் 1620ஆம் ஆண்டுவாக்கில் வகுத்த சங்கிலி. 66 அடி, 100 கண்ணி. கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமான 22 கஜம் இந்த ஒரு சங்கிலிதான். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு செண்ட். 1956இல் மெட்ரிக் சட்டம் வந்தது. 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். நம் பட்டாக்களை ஹெக்டேரிலும் ஏரிலும் எழுதியது. இருந்தும் டீக்கடையில் “மூணு செண்டு இடம்” என்கிறோம். அருங்காட்சியகத்துக்குப் போனதாக நினைக்கும் சங்கிலி நம் வாயில் கிடக்கிறது.

என் அம்மாவின் அப்பா நில அளவைத் துறையில் செயின்மேன். சங்கிலியில் பத்துக் கண்ணிக்கு ஒன்றாகப் பித்தளை வில்லை தொங்கும். பத்துக்கு ஒரு பல், இருபதுக்கு இரண்டு, நாற்பதுக்கு நான்கு, ஐம்பதில் வட்டம். மறுமுனையிலிருந்தும் அதே வரிசை. ஆகவே நாற்பதிலும் அறுபதிலும் ஒரே நாலுபல் வில்லை. மாற்றிச் சொன்னால் இருபது கண்ணி, அதாவது 13 அடிக்கு மேல் பிசகும். தாத்தா சொல்வார்: “மிராசுதார் திண்ணைல சர்வேயருக்கு நாற்காலி. எனக்கும் சங்கிலிக்கும் வேப்பமரத்தடி. ஆனா குனிஞ்சு நாப்பதா அறுபதான்னு பாத்தது நாந்தான்.” புலப்படத்தில் கையெழுத்து சர்வேயருடையது.

பழம்பொருள் கடையில் இந்தச் சங்கிலியின் தேய்மானத்தை ‘அழகான பழமை’ என்பார்கள். ஒவ்வொரு கண்ணியையும் இணைக்கும் வளையங்கள் உரசி உரசித் தேய்ந்து, வாய் விரிந்து, சங்கிலி கொஞ்சம் நீண்டுபோகும். நீண்ட சங்கிலி நிலத்தைக் குறைத்துக் காட்டும். அந்த அழகு, எங்கோ ஒரு குடும்பத்தின் வரப்பில் எழுதப்பட்ட பிழை.

இங்கே ஃபூக்கோவை இழுத்து ‘அறிவே அதிகாரம்’ என்று முடித்துவிடுவது நமக்கு எளிது. அளந்தவன் ஆண்டான் என்பது உண்மைதான். வெள்ளைக்காரனுக்கு முன் பொற்காலம் இருந்ததாகவும் எண்ண வேண்டாம். சோழர்களும் உலகளந்த கோலால் அளந்தது வரி வாங்கத்தான். ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் 1891 அறிக்கையை அடுத்து 1892இல் தலித்துகளுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுபவர்கள் கையில் எடுப்பது எதை? அதே காலனியப் பதிவேட்டை, அதே சர்வே எண்ணை, அதே புலப்படத்தை. ஒடுக்கிய அளவை உரிமைக்குச் சாட்சியாகவும் நிற்கிறது. நில அளவையை நிராகரித்துவிட்டு நிலத்தைக் கேட்க முடியாது. அளந்தது யார், எந்த முனையிலிருந்து எண்ணினார்கள், எழுதியது யார் என்று கேட்கத் தெரிய வேண்டும். கருவியை வாசிப்பது அதற்கான பயிற்சிதான்.

சேகரிப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பித்தளையைப் பளபளக்கத் தேய்க்காதீர்கள். மேல்பூச்சான லாக்கரும் நுண்கோடுகளும் போய்விடும், திரும்ப வராது. ஒத்துவராத திருகு, பிற்பாடு அடித்த ரிவெட், ஒட்டுப்போட்ட சங்கிலிக் கண்ணி இவற்றைக் குறையென்று மாற்றாதீர்கள். அவைதான் கருவியின் வாழ்க்கை. பெட்டி, துண்டுச்சீட்டு, கிறுக்கல் எதையும் பிரிக்காதீர்கள். எந்த ஊரிலிருந்து, எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்பதை விற்பவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த அறிவியல் பொருளும் தொல்பொருளாகலாம். அப்படியானதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். பித்தளை விஷயத்தை உடனே ஒப்புக்கொண்டார். தேய்த்தால் விலை குறையும் என்று அவருக்கே தெரியும். பெட்டி மூடியை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். “இந்தப் பென்சில் எழுத்து இருந்தா விலை கூடுமா, குறையுமா?” என்று கேட்டார். கூடும் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது கால் திருகைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் வழுக்குகிறது.