நெல் விதையும் அறுப்பு மெஷினும்: வேலை யாருக்குப் போச்சு?

விவசாயத்தில் புதுத் தொழில்நுட்பம் வந்தால் கூலிக்காரர்களுக்கு வேலை போய்விடும் என்பது ஒரு கட்சி. எல்லாருக்கும் நல்லதுதான் என்பது இன்னொரு கட்சி. எந்தத் தொழில்நுட்பம்னு ரெண்டு பேருமே கேட்கிறதில்லை. கல்லிடைக்குறிச்சி வயல்களில் வந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் வந்தது விதை. 1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. ஆற்றுக்கு அக்கரையில், அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் ஏ.எஸ்.டி.16-ஐக் கொடுத்தது. பேரில் இருக்கிற ஏ.எஸ்.டி. அம்பாசமுத்திரத்தைத்தான் குறிக்குது. வயது 110 முதல் 115 நாள். இரண்டுமே குட்டை ரகம். உரம் போட்டாலும் லேசில் சாயாது, விளைச்சல் கூடும். உரத்தோடு களையும் வளரும்; கூடுதல் நெல்லை அறுக்க, அடிக்க, தூற்றக் கூடுதல் கை வேணும். விதையைக் கிலோ கணக்கில் வாங்கலாம் என்பதால் அரை ஏக்கர்காரரும் போடலாம். ஆக, விதை ஆளைக் கூப்பிட்டது.

அடுத்து வந்தது அறுப்பு மெஷின். பத்துப் பதினைந்து பேர் ஒரு நாள் முழுக்கச் செய்கிற வேலை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிஞ்சிடும். சாயாத பயிர்தான் மெஷினுக்கும் வசதி என்பதால், அந்தக் குட்டை ரகமே இதற்கும் வழி விட்டது.

நிலம் வைத்திருப்பவருக்கு லாபம் நிச்சயம். கார் அறுப்பு தள்ளிப்போனால் ஐப்பசி மழையில் மாட்டிக்கும்; மெஷின் அந்தப் பயத்தைக் குறைக்குது. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைப்பதால் சிறு விவசாயியும் தப்பிக்கிறார். நிலமே இல்லாதவருக்கு? அறுப்புக்கூலியாக நெல்லே வந்த வீட்டில் அது சில மாதச் சாப்பாடு. அறுத்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். மெஷின் ஓட்டுவது ஆண்கள்.

"ஆளே கிடைக்கலை, அதான் மெஷின்" என்பதும் உண்மைதான். இளவட்டங்கள் படித்து சென்னை, திருப்பூர்னு போயாச்சு. ஆனா அப்படிப் போக முடியாத, ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு அறுப்பை விட்டால் அரசின் ஊரக வேலைத் திட்டம்தான். அதுவும் வருஷம் முழுக்கக் கிடையாது.

இப்போ நடவு மெஷினும் மருந்தடிக்கிற ட்ரோனும் வந்துட்டிருக்கு. விளைச்சல் எவ்வளவு கூடும் என்று கேட்பதோடு, அந்த வேலையை இதுவரை செய்தது யார், இனி அவங்க வீட்டு அரிசிக்கு என்ன வழி என்றும் கேட்கணும். விடை ஒவ்வொரு கருவிக்கும் வேறாகத்தான் இருக்கும்.